அடுப்பை அணைத்துப் பார்த்த காந்தி!

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், பாதி வழியில் வரும் ஊர் மேலகரம். குற்றாலக் குறவஞ்சி எழுதிய திரிகூடராசப்பக் கவிராயரின் சொந்த ஊர். சீசன் நேரத்தில் இந்த வழியாகப் போனால் சாரல் முகத்தில் அடிக்கும். குற்றாலத்தை நெருங்க நெருங்க, ரோட்டோரக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்து கிடக்கும். அடுப்பே பற்ற வைக்காமல் பழமும் தேங்காயும் தின்றே வாழ்ந்துவிடலாமே என்று யாருக்கும் ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்யும்.

1934 ஜனவரியில் 64 வயதான ஒரு மனிதர் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் வந்தார். தீண்டாமைக்கு எதிராக நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த காந்தி. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அருவிப் பக்கம் போகத் தடை இருப்பது தெரிந்ததும், குற்றாலம் வரை வந்தும் குளிக்காமலே திரும்பிவிட்டார். அது பலருக்கும் தெரிந்த கதை. பலருக்குத் தெரியாத கதை ஒன்று உண்டு. 'ரா வீகன்' என்று இன்று ரீல்ஸில் ஓடுகிற விஷயத்தை, அந்தப் பெயர் பிறப்பதற்கு முன்பே தன் உடம்பில் செய்து பார்த்தவர் அவர். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் தோற்றார். தோற்றதை மறைக்கவும் இல்லை.

லண்டனில் பசி

1869-ல் போர்பந்தரில் பிறந்தவர். வீடு சுத்த சைவ வைணவக் குடும்பம். பள்ளிக்கூட வயதில் நண்பன் ஒருவன் பேச்சைக் கேட்டு, வீட்டுக்குத் தெரியாமல் இறைச்சி தின்றிருக்கிறார். ஆங்கிலேயனைப் போல பலசாலி ஆகலாம் என்ற ஆசை. அம்மாவிடம் பொய் சொல்வது தாங்காமல் அதை விட்டார்.

1888-ல் சட்டம் படிக்க லண்டன் கிளம்பும்போது, இறைச்சியையும் மதுவையும் பெண்களையும் தொடமாட்டேன் என்று அம்மா புத்லிபாயிடம் சத்தியம் செய்துகொடுத்தார். அங்கே போனால் சாப்பிட ஒன்றுமே இல்லை. உப்புச் சப்பில்லாத அவித்த காய்கறி, ரொட்டி, அவ்வளவுதான். ஊரெல்லாம் நடந்து அலைந்து, கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ ஹோட்டலைக் கண்டுபிடித்தார். அந்த வாசலில் ஹென்றி சால்ட் எழுதிய, சைவ உணவுக்காக வாதாடும் ஒரு புத்தகம் விற்பனைக்கு இருந்தது. வாங்கிப் படித்தார். அதுவரை அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக சைவம். அதற்குப் பிறகு அவரே விரும்பித் தேர்ந்தெடுத்த சைவம்.

லண்டன் சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்து, செயற்குழு வரை போனார். ஊரிலிருந்து வந்த மசாலாவை நிறுத்தினார். மசாலா இல்லாத கீரை நன்றாகவே இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். ருசி நாக்கில் இல்லை, மனசில் இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தது அப்போதுதான்.

1893: ஒரு முயற்சி

அந்தச் சங்கத்தின் தலைவர் ஏ.எஃப். ஹில்ஸ், சமைக்காத உணவில்தான் உயிர்ச்சத்து இருக்கிறது என்று பிரசாரம் செய்து வந்தார். 1893-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் தனியாக இருந்த 23 வயது வக்கீல் காந்தி அதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். ஊற வைத்த கோதுமை, உலர் திராட்சை, கொட்டைகள், ஆரஞ்சு. தினமும் என்ன சாப்பிட்டார், எப்போது பசித்தது, உடம்பு எப்படி இருந்தது என்று நோட்டில் குறித்து வைத்தார்.

இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. எப்போதும் பசி, களைப்பு. பல் வேறு ஒத்துழைக்கவில்லை. விட்டுவிட்டார். ஆனால், அந்த டைரியை லண்டன் சைவப் பத்திரிகைக்கு அனுப்பினார், தோல்வியோடு சேர்த்து. நம்ம காலத்தில் 'நாள் 1' வீடியோ போடுகிறவர்கள் அதிகம். 'நாள் 11, முடியலப்பா' என்று போடுகிறவர்கள் குறைவு.

கஸ்தூர்பாவின் சவால்

இந்த மனிதரோடு குடும்பம் நடத்துவது லேசான காரியமாக இருந்திருக்காது. சோதனை அவரோடு நிற்காது; வீட்டில் எல்லாரையும் இழுக்கும். மகன் மணிலாலுக்கு டைஃபாய்டு வந்தபோது, முட்டையும் கோழி சூப்பும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். காந்தி மறுத்து, தண்ணீர் சிகிச்சை செய்தார். பிள்ளை பிழைத்தான். பிழைக்காமல் போயிருந்தால்? அந்தக் கேள்வி அவரையும் ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை.

கஸ்தூர்பாவுக்கு உதிரப்போக்கு இருந்த சமயம், உப்பையும் பருப்பையும் விடச் சொன்னார். உங்களாலேயே முடியாதே என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். உடனே, ஒரு வருஷத்துக்கு நான் விட்டுவிட்டேன் என்றார் காந்தி. கஸ்தூர்பா அழுதே விட்டார். சொன்னதை வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சியும் பலிக்கவில்லை.

1910-ல் நண்பர் காலன்பாக் கொடுத்த நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. 1912-ல் இருவருமாகப் பாலை விட்டார்கள். மாட்டிடம் கடைசிச் சொட்டு வரை கறக்க கல்கத்தாவில் செய்யப்பட்ட கொடுமையைப் படித்தது ஒரு காரணம். அதன் பிறகு வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று பழ உணவு. இன்றைய வார்த்தையில் சொன்னால், அப்போது காந்தி ஒரு வீகன்.

ஆட்டுப்பால் வந்த கதை

1915-ல் ஹரித்வார் கும்பமேளாவில், ஒரு நாளில் 5 பொருளுக்கு மேல் சாப்பிடுவதில்லை, இருட்டிய பிறகு சாப்பிடுவதில்லை என்று இன்னொரு விரதம் சேர்ந்துகொண்டது. 1918-ல் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்தபோது வேர்க்கடலை வெண்ணெயும் எலுமிச்சையும்தான் முக்கிய உணவு. வயிறு கெட்டது. ஒரு பண்டிகை நாளில் கஸ்தூர்பா செய்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியைப் பார்த்து ஆசைப்பட்டு வயிறு நிறையச் சாப்பிட, ரத்தபேதியே வந்துவிட்டது. சாவு நெருங்கிவிட்டது என்று அவரே நினைக்கும் அளவுக்குப் போனது.

பால் குடிக்காமல் உடம்பைத் தேற்ற முடியாது என்றார் டாக்டர் தலால். விரதம் இருக்கிறதே என்றார் காந்தி. பக்கத்தில் நின்ற கஸ்தூர்பா, நீங்கள் விரதம் எடுத்தபோது மனசில் இருந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி சொன்னார். குடித்தார், பிழைத்தார். ஆனால், விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றிவிட்டு அதன் உயிரைக் கொன்றுவிட்டோம் என்ற உறுத்தல் கடைசி வரை போகவில்லை. பாலுக்கு இணையான ஒரு தாவர உணவைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்ற தவிப்பு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

1929: பெரிய சோதனை

59 வயதில் மறுபடியும் இறங்கினார். ராஜமுந்திரியைச் சேர்ந்த சுந்தரம் கோபாலராவ் என்ற இயற்கை உணவுக்காரர் கொடுத்த ஊக்கம். பாலை நிறுத்தினார், அடுப்பை நிறுத்தினார். நெருப்பு பட்டது குடிக்கிற தண்ணீர் மட்டும்தான். ஆசிரமத்தில் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஜூன் மாதம் 'யங் இந்தியா'வில் தன் மெனுவை அளவோடு வெளியிட்டார்.

ஒரு நாளைக்கு முளைகட்டிய கோதுமை 8 தோலா, பாதாம் விழுது 8 தோலா, இடித்த பச்சைக் கீரை 8 தோலா, எலுமிச்சம்பழம் 6, தேன் 2 அவுன்ஸ். இதை இரண்டாகப் பிரித்து, காலை 11 மணிக்கு ஒரு பாதி, மாலை ஆறேகாலுக்கு மறு பாதி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோதுமைக்குப் பதில் கொண்டைக்கடலை. அன்றைக்குப் பாதாமுக்குப் பதில் தேங்காய்ப்பால்.

ஒரு தோலா கிட்டத்தட்ட 11.7 கிராம். அப்படியென்றால் கோதுமை, பாதாம், கீரை ஒவ்வொன்றும் சுமார் 93 கிராம். தேன் 57 கிராம். மொத்தமாகக் கணக்குப் போட்டால் தோராயமாக 1,000 முதல் 1,200 கலோரி. ஓய்வே இல்லாமல் ஊர் சுற்றுகிற ஒருவருக்கு இது ரொம்பக் கம்மி.

செய்முறையையும் சொல்லியிருந்தார். கோதுமையை 24 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரக் கதர்த் துணியில் மூடி வைத்தால் முளை எட்டிப் பார்க்கும். பல் நன்றாக இருந்தால் அப்படியே மெல்லலாம், இல்லாவிட்டால் அரைத்துக்கொள்ளலாம். தேங்காயைத் துருவி, கெட்டித் துணியில் போட்டுப் பிழிந்தால் பால். மிக்ஸி இல்லாத காலத்து ரெசிபி, இன்றைக்கும் அப்படியே செய்யலாம்.

எதற்காக இவ்வளவு? ஆரோக்கியமும் புலனடக்கமும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விறகுச் செலவு மிச்சம், நேரம் மிச்சம், நாள் முழுக்கப் புகையில் வேகிற பெண்களுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை. அவருக்கு இது ஒரு சமூகக் கனவாகவே இருந்தது.

உடம்பு சொன்ன தீர்ப்பு

கனவுக்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. எடை குறைந்தது, பலவீனம் வந்தது, ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பு பிடித்துக்கொண்டது. சோதனையை நிறுத்திவிட்டு மறுபடி ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். அதையும் 'யங் இந்தியா'விலேயே எழுதினார். தன்னைப் பார்த்து யாரும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம், ஜாக்கிரதை என்பதுதான் அதன் சாரம். மெனுவைப் படித்த அதே வாசகர்கள் முடிவையும் படித்தார்கள். அவர் பேச்சைக் கேட்டு லட்சக்கணக்கானோர் நடந்த காலம் அது. மௌனமாக இருந்திருந்தால், அவரைப் பார்த்துத் தொடங்கிய எத்தனையோ பேர் நிறுத்தாமலே போயிருப்பார்கள்.

இன்றைக்கு நமக்குத் தெரிந்த சில விஷயங்கள் அவருக்குத் தெரிய வழியில்லை. கோதுமை, பருப்பில் உள்ள மாவுச்சத்து வெந்தால்தான் சுலபமாகச் செரிக்கும். முளைகட்டுகிற ஈரமும் சூடும் சால்மோனெல்லா, ஈ-கோலை மாதிரி கிருமிகளுக்கும் பிடித்தமான சூழல். அதனால்தான் கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் பச்சையாக முளைப்பயறு சாப்பிட வேண்டாம் என்கிறார்கள். நம்பகமான அளவில் வைட்டமின் பி12 தாவர உணவில் கிடையாது. அது தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டதே 1948-ல், காந்தி இறந்த வருஷம். பால் இல்லாமல் ஏன் முடியவில்லை என்று அவர் தேடிய பதிலில் ஒரு பகுதி அங்கே இருந்திருக்கலாம்.

கடைசியில் மிஞ்சியது ஓர் அவுன்ஸ்

1942-ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் ஆரோக்கியம் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதில் ஒரு நாள் உணவுக் கணக்கு வருகிறது: பால் 2 பவுண்டு, தானியம் 6 அவுன்ஸ், கீரை 3 அவுன்ஸ், மற்ற காய் 5 அவுன்ஸ், பச்சைக் காய்கறி 1 அவுன்ஸ், கூடவே நெய் அல்லது வெண்ணெய், கொஞ்சம் வெல்லம். அரை நூற்றாண்டு சோதனைக்குப் பிறகு, சமைக்காத காய்க்கு அவர் ஒதுக்கியது ஓர் அவுன்ஸ். அதாவது 28 கிராம். ஒரு சின்ன கேரட் அளவுகூட வராது. ஆனால், அந்த ஓர் அவுன்ஸைக் கடைசி வரை விடவில்லை.

வீட்டில் ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு அந்த அளவே போதும். மதியச் சாப்பாட்டோடு ஒரு கைப்பிடி வெள்ளரி, கேரட், துருவின தேங்காய், மேலே எலுமிச்சைச் சாறு. நன்றாகக் கழுவிய கொத்தமல்லி. தேன் இன்றைய வீகன் கணக்கில் சேராது. இனிப்பு வேண்டுமென்றால் பேரீச்சை இருக்கிறது. முளைப்பயறு பிடித்தால் ஆவியில் இரண்டு நிமிடம் காட்டிவிடுங்கள். முழுக்க முழுக்க வீகன் ஆகப்போகிறீர்கள் என்றால் பி12 பற்றி டாக்டரிடம் பேசிவிட்டு இறங்குங்கள். சர்க்கரை, கிட்னி பிரச்னைக்கு மருந்து எடுப்பவர்கள் ரீல்ஸைப் பார்த்து எதையும் நிறுத்த வேண்டாம். உடம்பு முடியலை என்று சொன்னால் நிறுத்துவதில் வெட்கமே இல்லை; காந்தியே நிறுத்தியிருக்கிறார்.

1948 ஜனவரி 30, டெல்லி. மாலைப் பிரார்த்தனைக்குக் கிளம்பும் முன் அவர் சாப்பிட்ட கடைசி உணவு பதிவாகியிருக்கிறது. ஆட்டுப்பால், வேகவைத்த காய்கறி, பச்சைக் காய்கறி, ஆரஞ்சு, இஞ்சியும் எலுமிச்சையும் கற்றாழைச் சாறும் சேர்ந்த ஒரு கலவை. வெந்ததும் வேகாததும் ஒரே தட்டில் இருந்தன.