குளிருக்கு மணி கட்டிய வாத்தியார்

அணுமின் நிலையத்தால் நாடு அறிந்த ஊர் கூடங்குளம். நெல்லைச் சீமையின் வெயிலும் கடல்காற்றும் அங்கு உண்டு. வீட்டில் உலை மூட்டிக் குளிர் காய்வார் யாரும் இல்லை.

ஆனால், அந்த ஊர் வீடுகளிலும் மின்சார இஸ்திரிப் பெட்டி உண்டு. சூடு ஏறியதும் அது டிக் என்ற சத்தத்துடன் தானே நிற்கிறது. ஆறியதும் மறுபடி தானே சூடாகிறது.

இதைச் செய்யும் கருவிக்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். சூட்டை அளவோடு வைப்பது அதன் வேலை. அறைகளின் சூட்டைக் காக்க மின்சாரத் தெர்மோஸ்டாட் செய்த முன்னோடி ஒரு வாத்தியார். அவர் பெயர் வாரன் ஜான்சன்.

இளமை

ஜான்சன் 1847-ம் ஆண்டு அமெரிக்காவில், வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தார். பிறகு குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடியேறியது.

அச்சு வேலை, நில அளவை வேலை, பள்ளி ஆசிரியர் வேலை எல்லாம் பார்த்தார். 1876-ல் ஒயிட்வாட்டர் என்ற ஊரில், ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பேராசிரியர் ஆனார்.

பாடம் கெட்டது

விஸ்கான்சின் குளிர் கொடியது. ஏரித் தண்ணீர் கல்லாக உறைந்துவிடும். ஆகவே, பள்ளியின் நிலவறையில் உலை எரிந்தது. அதன் சூடுதான் வகுப்பறைகளுக்கு வந்தது.

எந்த அறையில் எவ்வளவு சூடு என்று கீழே இருந்த வேலையாளுக்குத் தெரியாது. அவர் மாடி ஏறி வருவார். பாடம் நடக்கும்போதே உள்ளே நுழைந்து வெப்பமானியைப் பார்ப்பார். பிறகு கீழே போய், உலையின் காற்றுக்கதவைத் திறப்பார், அல்லது மூடுவார்.

அவர் வந்தால் பாடம் கெடும். வராவிட்டால் மாணவர்கள் குளிரில் நடுங்குவார்கள்; அல்லது புழுக்கத்தில் தவிப்பார்கள். அவரைக் கோபித்து என்ன பயன்? ஜான்சன் வேறு வழி தேடினார்.

வளையும் தகடு

எல்லா உலோகமும் சூட்டில் ஒரே அளவு நீளுவது இல்லை. இரண்டு உலோகத் தகடுகளைச் சேர்த்து ஒட்டினால், சூடு பட்டதும் அது வளைந்துவிடும். இந்த உண்மை முன்பே தெரிந்ததுதான்.

ஜான்சன் அத்தகைய தகட்டைச் சுருளாக்கி அறையில் வைத்தார். சுருள் அசைந்ததும், பாதரசத்தின் வழியே மின்சாரம் ஓடும்படி செய்தார். அறையில் இருந்து நிலவறைக்குக் கம்பி இழுத்தார். கம்பியின் மறுமுனையில் ஒரு மணி!

அறையில் சூடு மாறினால் கீழே மணி அடித்தது. வேலையாள் இருந்த இடத்திலேயே காற்றுக்கதவைச் சரி செய்தார். 1883-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

மணியும் வேண்டாம்

1885-ல் ஜான்சன் மில்வாக்கி நகரில் கம்பெனி தொடங்கினார். வில்லியம் பிளாங்கிண்டன் என்ற செல்வந்தர் பணம் கொடுத்து உதவினார். நிலையான ஆசிரியர் வேலையை விட்டுத் தொழிலில் இறங்கினார், ஜான்சன்.

1895-ல் இன்னொரு காப்புரிமை பெற்றார். அழுத்திய காற்றைக் கொண்டு, அறை அறையாகச் சூட்டைத் தானே சரி செய்யும் முறை அது. மணியும் வேண்டாம்; ஆளும் வேண்டாம்!

கோபுரக் கடிகாரம், நீராவி மோட்டார் வண்டி ஆகியவற்றையும் அவர் செய்தார். 1911-ல் காலமானார்.

இன்று

இன்று குளிர்நாட்டு வீடுகளில் புதுவகைத் தெர்மோஸ்டாட் வந்துவிட்டது. செல்போனிலேயே அதற்குக் கட்டளை கொடுக்கலாம்.

ஆனாலும் கம்பி போகவில்லை. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் 24 வோல்ட் கம்பிகளே அதை உலையோடு இணைக்கின்றன. ஒரு கம்பி மின்சாரம் கொண்டுவரும். ஒன்று உலைக்குக் கட்டளை கொண்டுபோகும். புதுக் கருவி ஓயாமல் இயங்க, மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி ஒன்றும் பெரும்பாலும் தேவை. பழைய வீடுகள் சிலவற்றில் அது இருக்காது.

கருவியை மாற்றுவோர் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். எந்தக் கம்பி எந்தத் திருகில் இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவசரம் ஆகாது.

இஸ்திரிப் பெட்டி அடுத்த முறை டிக் என்று நிற்கும்போது, அந்த வாத்தியாரின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். இடைஞ்சல் எல்லாருக்கும் வருகிறது. அதற்கு வழி தேடியவர் பெயர் நிற்கிறது.