மரியா மாண்டிஸோரி அம்மையார்

இத்தாலி தேசத்துக் கியாரவல்லே என்னும் ஊரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் பிறந்த மாண்டிஸோரி அம்மையார், 1896-இல் ரோமாபுரியில் வைத்தியப் பட்டம் பெற்றார். மந்தபுத்தியுடையோர் எனத் தள்ளப்பட்ட சிறுவரை, கையால் தொட்டறியும் கருவிகளைக் கொண்டு பயிற்றினார். அவருட் சிலர் மற்றப் பிள்ளைகளுக்குரிய பரீட்சையிலும் தேறவே, கண்டோர் வியந்தனர். அம்மையாரோ, குறைவற்ற பிள்ளைகளை அவ்வளவு தாழ்வாய் நிறுத்தி வைத்தது எதுவென்று சிந்திக்கலானார்.

1907 ஜனவரி 6-இல் ஸான் லொரென்ஸோ என்னும் ஏழையர் பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சுவர்களைக் கெடுத்துத் திரியாவண்ணம் காக்கவே வீட்டுடைமையாளர் அப்பிள்ளைகளை அவரிடம் ஒப்புவித்தனர். பிள்ளைகளோ உப்புத்தாளெழுத்தை விரலால் தடவி எழுதவும், எண்ணவும் கற்றனர். மணலில் விரலோட்டிய நம் திண்ணைப் பள்ளிகளை இது நினைப்பூட்டுகின்றது.

1939-இல் அடையாறு வந்து ஏறக்குறைய முந்நூறு பேருக்குப் பயிற்சியளித்தார். யுத்தத்தின் காரணமாக 1940-இல் மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரும் வெளிச்செல்லத் தடையுண்டார். அவருடைய எழுபதாம் பிறந்தநாளன்று மகனுக்கு விடுதலை கிடைத்தது. பின்னர்க் கொடைக்கானலிலும் தம் பணியைத் தொடர்ந்து, 1952 மே 6-இல் ஹாலந்து தேசத்தில் காலமானார்.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் சாலைகளுக்குத் தாய்தந்தையர் புறப்பட்டபின் வாயிற்படியில் எஞ்சும் பிள்ளைகளை நாமும் கண்டிருக்கின்றோம். அவர்களைச் சுவரைக் கெடுப்போராகக் கருதுவதா, கற்க வல்லோராகக் கருதுவதா? நாளை ஆசிரியராகப் போகும் நம்மிற் பலர் இதற்கு விடை கூறக் கடவோம்.