படம் வரைந்து கதை சொன்ன வாத்தியார்



இந்த மாதச் சுவர்ப் பத்திரிகையில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னாங்க. எல்லாரும் தலைவர்களைப் பற்றி எழுதுறாங்க. நான் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி எழுதப் போறேன். அவர் பெயர் ரொடோல்ஃப் டோப்ஃபர். இந்தப் பெயரை நம்மில் நிறைய பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் நாம போட்டி போட்டுப் படிக்கிற படக்கதைக்கு, அதாவது காமிக்ஸுக்கு, இவரைத்தான் தந்தைன்னு பல அறிஞர்கள் சொல்றாங்க.

இவரை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன்னு கடைசியில் சொல்றேன். முதலில் கதையைக் கேளுங்க.

பிறப்பும் இளமையும்

டோப்ஃபர் 1799-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி ஜெனீவா நகரத்தில் பிறந்தார். ஜெனீவா இன்று சுவிட்சர்லாந்து நாட்டில் இருக்கிறது. பெரிய ஏரியும் பக்கத்திலேயே ஆல்ப்ஸ் மலையும் உள்ள ஊர். அவர் பிறந்தபோது அந்த நகரம் ஃபிரான்ஸ் நாட்டின் பிடியில் இருந்தது. 1815-ல்தான் சுவிட்சர்லாந்தோடு சேர்ந்தது. அவர்கள் பேசியது பிரெஞ்சு மொழி.

அவருடைய அப்பா வுல்ஃப்காங் ஆதாம் டோப்ஃபர் பெயர் பெற்ற ஓவியர். இயற்கைக் காட்சிகளும் வரைவார், ஆளைக் கிண்டல் செய்யும் கேலிச் சித்திரங்களும் வரைவார். வீடு முழுக்க வண்ணமும் தூரிகையுமாக இருக்கும்போது பிள்ளைக்கு வேறு என்ன ஆசை வரும்? நானும் அப்பா மாதிரி ஓவியர் ஆவேன்னு ரொடோல்ஃப் சின்ன வயசிலேயே முடிவு செய்துவிட்டார்.

வில்லியம் ஹோகார்த் என்ற இங்கிலாந்து ஓவியரின் அச்சுப் படங்கள் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். ஹோகார்த் 1747-ல் 12 படங்கள் கொண்ட ஒரு வரிசை வெளியிட்டார். அதில் தொழில் பழகுகிற இரண்டு பையன்கள் வருவார்கள். ஒருவன் உழைப்பாளி, ஒருவன் சோம்பேறி. இரண்டு பேர் வாழ்க்கையும் எப்படிப் போகுதுன்னு படம் படமாகத் தெரியும். ஒரு படம் பக்கத்தில் இன்னொரு படம் வைத்தால் கதை நகருதுன்னு அந்தச் சிறுவன் மனசில் பதிந்துவிட்டது.

கண் கெடுத்த கனவு

ஆனால் நினைத்தது நடக்கவில்லை. வாலிப வயதில் அவருக்குக் கண்ணில் நோய் வந்தது. 1819-ல் பாரிஸ் நகரம் போனார். அங்கே படித்தார், கண் வைத்தியமும் பார்த்தார். கண் முழுசாகக் குணமாகவில்லை. வண்ண ஓவியம்னா மணிக்கணக்கில் உற்றுப் பார்த்து நுணுக்கமாக வரையணும். அந்தக் கண்ணால் அது முடியாது. ஓவியர் ஆகும் ஆசையை அவர் விட வேண்டியதாயிற்று.

இருபது வயசு. சின்ன வயசிலிருந்து ஒரே கனவு. அது போய்விட்டது. இதைப் படித்தபோது எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது. நானா இருந்தா பென்சிலையே தூக்கிப் போட்டிருப்பேன்.

அவர் தூக்கிப் போடவில்லை. பிழைப்புக்கு ஆசிரியர் வேலைக்குப் போனார். 1823-ல் திருமணம் நடந்தது. அடுத்த வருடம் 1824-ல் ஜெனீவாவிலேயே சொந்தமாக ஒரு விடுதிப் பள்ளி ஆரம்பித்தார். மாணவர்கள் அங்கேயே தங்கிப் படிப்பார்கள். பிறகு 1832-ல் ஜெனீவா அகாடமியில் இலக்கியப் பேராசிரியரும் ஆனார். அந்த அகாடமிதான் பின்னாளில் ஜெனீவா பல்கலைக்கழகம் ஆனது. கதைகள், கட்டுரைகள் எழுதி நல்ல எழுத்தாளர்னும் பெயர் வாங்கினார்.

மாலை நேர விளையாட்டு

பகலெல்லாம் பாடம் நடத்துவார். மாலையில் வேலை எல்லாம் முடிந்த பிறகு ஒரு பேனாவை எடுத்து உட்காருவார். மாணவர்கள் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பார்கள். வண்ணம் வேண்டாம், நிழல் வேண்டாம். வெறும் பேனாக் கோடு. கிறுகிறுன்னு வேகமாக ஒரு மனுஷன் வருவான். பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் கட்டம் பிரிப்பார். அடுத்த கட்டத்தில் அதே மனுஷன் ஓடுவான். அதற்கு அடுத்த கட்டத்தில் விழுவான். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே தன் கையெழுத்தில் ஓரிரு வரி எழுதுவார். பையன்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்கக் கதை வளரும்.

இப்படி 1827-ல் வரைந்ததுதான் வியூ புவா என்பவரின் கதை. ஒரு பெண்மேல் ஆசை வைத்து அவர் படும் பாடுதான் கதை. எத்தனை ஆபத்து வந்தாலும் சரி, தப்பித்து வந்ததும் முதல் வேலையாகச் சட்டை மாற்றிக்கொள்வார். அப்புறம்தான் மற்றதெல்லாம்!

இன்னும் சில கதைகளைச் சொல்கிறேன்:

* ஜபோ என்பவர் பெரிய மனுஷங்க விருந்துக்குப் போய், அவங்க மாதிரியே நடிக்கப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் மானம் போகும். உடனே நெஞ்சை நிமிர்த்தி, ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடியும் பழைய தோரணையில் நிற்பார்.

* கிரெப்பான் என்பவருக்கு 11 பிள்ளைகள். அவர்களுக்குப் பாடம் சொல்ல ஒவ்வொரு வாத்தியாராக வைத்துப் பார்ப்பார். வருகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு புது முறை சொல்லிக் குழப்புவார்கள். தானே ஒரு வாத்தியாராக இருந்துகொண்டு வாத்தியார்களைக் கிண்டல் செய்திருக்கார் பாருங்க!

* கிரிப்டோகாம் என்பவர் பட்டாம்பூச்சி சேகரிப்பவர். தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளத் துரத்தும் பெண்ணிடமிருந்து தப்பிக்கக் கப்பல் ஏறி, திமிங்கிலத்தின் வயிற்றுக்குள்ளேயே போய்விடுவார்.

வருடா வருடம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் கால்நடையாகச் சுற்றுலாவும் போவார். அவருடைய மனைவியும் கூட வருவார். வழியில் பார்த்ததை எல்லாம் வரைந்து, திரும்பி வந்ததும் படத்தோடு பயணக் கதை எழுதுவார். இந்தப் பயணக் கதைகள் 1844-ல் பாரிஸில் பெரிய புத்தகமாக வந்தன.

பயமும் பாராட்டும்

இவ்வளவு வரைந்தாரே, உடனே புத்தகமாகப் போட்டாரா? இல்லை. அவருக்குப் பயம். பேராசிரியர் இப்படிப் பொம்மை போட்டு விளையாடுகிறார்னு ஊர் சிரித்தால் என்ன செய்வது? பள்ளிக்கூடத்தின் பெயர் என்ன ஆகும்? அதனால் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் மட்டும் காட்டிவிட்டு மூடி வைத்துவிட்டார்.

ஃபிரெடெரிக் சோரே என்ற ஜெனீவாக்காரர் அப்போது ஜெர்மனியில் வைமார் அரண்மனையில் இளவரசருக்கு ஆசிரியராக இருந்தார். அவர் வழியாக டோப்ஃபரின் படக்கதைகள் 1830-31 குளிர்காலத்தில் ஒரு முதியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த முதியவர் யார் தெரியுமா? ஜெர்மன் மகாகவி கதே! அப்போது அவருக்கு வயது 81. கேலிச் சித்திரம் என்றாலே கதேக்குப் பிடிக்காதாம். ஆனால் இந்தப் படங்களைப் பார்த்து ரசித்துச் சிரித்தார். ஒரேயடியாகப் பார்த்தால் திகட்டிவிடும்னு சில பக்கம் பார்ப்பார், கொஞ்சம் ஓய்வெடுப்பார், மறுபடியும் பார்ப்பார். இவருக்குத் திறமை கொட்டிக் கிடக்குதுன்னு மனசாரப் பாராட்டினார். 1832-ல் கதே இறந்துவிட்டார். ஆனால் அந்தப் பாராட்டு டோப்ஃபருக்குத் தைரியம் கொடுத்தது.

1833-ல் ஜபோ கதையை அச்சடித்தார். அப்பவும் பயம் போகவில்லை. அச்சடித்ததை இரண்டு வருடம் வைத்திருந்து 1835-ல்தான் விற்பனைக்கு விட்டார்! அப்புறம் 1837-ல் கிரெப்பான், வியூ புவா கதைகள் வந்தன. மொத்தம் 7 படக்கதைகள் அவர் காலத்திலேயே வெளிவந்தன.

கையெழுத்தே அச்சு

இது நம்ம சுவர்ப் பத்திரிகைக்காரங்க எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். அவருடைய புத்தகத்தில் அச்சு எழுத்து கிடையாது. அவர் கையெழுத்துதான்.

அது எப்படின்னா, அந்தக் காலத்தில் கல் அச்சு என்று ஒரு முறை உண்டு. வழவழப்பான கல்லின்மேல் எண்ணெய்ப் பசை உள்ள மையால் வரைவார்கள். பிறகு கல்லைத் தண்ணீரால் நனைத்து அச்சு மை உருளையை ஓட்டுவார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது அல்லவா? அதனால் கோடு உள்ள இடத்தில் மட்டும் மை பிடிக்கும். மேலே தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். ஆனால் இதில் ஒரு தொல்லை. கல்லில் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதணும். இல்லாவிட்டால் அச்சில் இடம் வலமாகத் திரும்பிவிடும்.

டோப்ஃபர் வேறு வழி பிடித்தார். தனியாகத் தயாரித்த ஒரு தாளில் அந்தப் பசை மையால் சாதாரணமாகவே வரைந்து எழுதினார். அந்தத் தாளைக் கல்லின்மேல் வைத்து அழுத்தினால் படம் கல்லுக்குப் போய்விடும். அங்கேயே அது திரும்பிவிடுவதால் அச்சில் நேராக வரும். அவர் பேனா எப்படி ஓடியதோ, நடுங்கியதோ, அப்படியே ஜனங்கள் கைக்குப் போனது. படமும் எழுத்தும் ஒரே கையில் பிறந்தது.

படத்தை மட்டும் பார்த்தால் அர்த்தம் சரியாகப் புரியாது, எழுத்தை மட்டும் படித்தால் ஒன்றுமே இல்லை, இரண்டும் சேர்ந்தால்தான் கதை என்பது அவர் கருத்து. இன்றைக்கும் படக்கதைக்கு இதுதான் இலக்கணம்.

திருட்டும் புகழும்

புகழ் வந்தால் திருட்டும் வரும் போல. 1839-ல் பாரிஸில் ஒரு பதிப்பகத்தார் அவர் படங்களைப் பார்த்துத் திரும்ப வரைந்து, அவரைக் கேட்காமலேயே புத்தகம் போட்டார்கள். 1841-ல் வியூ புவா கதை லண்டனில் ஆங்கிலத்தில் வந்தது. 1842 செப்டம்பரில் நியூயார்க் நகரில் ஒரு பத்திரிகையின் இணைப்பாகவும் வந்துவிட்டது. அமெரிக்காவில் அச்சான முதல் காமிக்ஸ் புத்தகம் அதுதான்னு பலர் சொல்றாங்க.

1845-ல் படம் வரைவது பற்றியே ஒரு சிறு நூல் எழுதினார். யார் எவ்வளவு மோசமாக ஒரு முகம் வரைந்தாலும், அதில் ஏதாவது ஒரு குணம் தெரியத்தான் செய்யும் என்பது அதில் அவர் சொல்லும் முக்கியமான விஷயம்.

மறைவு

கடைசி வருடங்களில் உடம்பு ரொம்ப மோசமாகியது. அப்பவும் கை நிற்கவில்லை. 1845-ல் கிரிப்டோகாம் கதை பாரிஸின் ஒரு வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. 1846-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி ஜெனீவாவில் காலமானார். அப்போது வயது 47தான்.

செய்து பாருங்கள்

ஒரு தாளில் ஒரே மாதிரி நாலு வட்டம் போடுங்க. கண், மூக்கு, புருவம் எல்லாம் ஒரே மாதிரி வரையுங்க. வாயை மட்டும் மாத்துங்க. ஒண்ணு மேல் பார்த்து, ஒண்ணு கீழ் பார்த்து, ஒண்ணு நேரா, ஒண்ணு கோணலா. நாலும் நாலு ஆளா மாறிடும். டோப்ஃபரும் இப்படித்தான் ஒவ்வொரு கோடாக மாற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

நான் ஏன் இவரை எழுதினேன்

போன காலாண்டில் என் கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம் பூரா மூஞ்சி மூஞ்சியாக வரைந்து மாட்டிக்கொண்டேன். பக்கத்து பெஞ்சில் சிலருக்கு அது நல்லாத் தெரியும். நோட்டில் அப்பா கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். அப்பா ஒண்ணும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அம்மாதான், பத்தாவது முடிகிற வரைக்கும் பொம்மை போடுற வேலையே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அதோடு நானும் விட்டுட்டேன். நமக்கு இதெல்லாம் எதுக்குன்னு தோணிடுச்சு.

அப்புறம்தான் இவரைப் பற்றிப் படித்தேன். என் தப்பும் புரிந்தது. அவர் பாட நேரத்தில் வரையவில்லை. வேலையை முடித்துவிட்டு வரைந்தார். ஆனால் கண் போச்சுன்னோ, ஊர் சிரிக்கும்னோ கையை விட்டுவிடவும் இல்லை. அவர் விளையாட்டுன்னு நினைத்து மறைத்து வைத்ததுதான் இத்தனை வருடம் கழித்தும் அவர் பெயரைச் சொல்லுது.

அதனால் ஆசிரியர்களிடம் பணிவாக ஒரு வேண்டுகோள். அடுத்த மாதத் தாளில் அடிப்பக்கத்தில் நாலே நாலு கட்டம் எனக்குக் கொடுங்க. கணக்குப் பாடத்தில் நான் எடுக்கிற மார்க்கைப் பார்த்துவிட்டே கொடுங்க. படம் கோணலாக இருந்தாலும் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போகணும்னு கேட்டுக்கொள்கிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஊராட்சி ஒன்றியப் பள்ளி.