அஞ்சாம் நம்பரும் கேரி கில்டாலும்

லேப்டாப்பில் பெரிய அப்டேட் ஒன்று வருகிறது. நீங்களும் சரின்னு அழுத்திட்டுத் தூங்கப் போறீங்க. காலையில பார்த்தா ஐகான் எல்லாம் புதுசா பளபளன்னு இருக்கு. ஆனா நேத்து வரைக்கும் சமர்த்தா வேலை பார்த்த பிரிண்டர் மட்டும் அசைய மாட்டேங்குது. பேப்பர் இருக்கு, டோனர் இருக்கு, கேபிளும் சரியா இருக்கு. பிரிண்டர் மேல இருக்கிற பட்டனை அழுத்தினா டெஸ்ட் பேஜ் கூட அழகா வருது. அப்போ கெட்டுப்போனது எது?

எதுவுமே கெட்டுப்போகல. ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் பிரிண்டர் டிரைவருக்கும் நடுவுல இருந்த ஒரு ஒப்பந்தம் ராத்திரியோட ராத்திரியா மாறிடுச்சு. டிரைவர் இன்னும் பழைய ஒப்பந்தத்தையே நம்பிக்கிட்டு இருக்கு. அவ்வளவுதான்.

இந்த மாதிரி ஒரு ஒப்பந்தத்தை மைக்ரோகம்ப்யூட்டர்களுக்கு எழுதி, அதுக்கு பயாஸ்னு பெயரும் வைத்தவர் கேரி கில்டால். பில் கேட்ஸ் தெரியும், ஸ்டீவ் ஜாப்ஸ் தெரியும், இவரை மட்டும் தெரியாதுன்னா அது உங்க தப்பு இல்லை. ஏன் தெரியாமப் போச்சுன்னு இந்தக் கதையிலேயே வரும்.

மாலுமிப் பள்ளியிலிருந்து

கில்டால் 1942 மே 19 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். மாலுமிகளுக்குக் கடலில் வழி கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியை அவருடைய குடும்பம் நடத்தி வந்தது. இளைஞனாக அவரும் அங்கே பாடம் எடுத்திருக்கிறார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போனவர், மெல்ல கம்ப்யூட்டர் பக்கம் சாய்ந்துவிட்டார். அது வியட்நாம் போர்க் காலம். கடற்படைக்குச் செய்ய வேண்டிய சேவையை, கலிஃபோர்னியாவின் மான்ட்டரே நகரில் இருந்த கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தே முடித்தார். 1972இல் பிஎச்.டி. பட்டமும் வாங்கினார்.

நீங்க சிஎஸ்இ படிக்கிறவரா இருந்தா, கம்பைலர் டிசைன் பேப்பர்ல டேட்டா ஃப்ளோ அனாலிசிஸ்னு ஒரு யூனிட் வந்திருக்கும். அதுல திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டு, மதிப்புகள் மாறாத நிலைக்கு வர்ற ஒரு முறை இருக்கே, அதுக்கு அடித்தளம் போட்ட 1973ஆம் ஆண்டுக் கட்டுரை இவர் எழுதியதுதான். இது ஒண்ணை மட்டும் செஞ்சிருந்தாக்கூட பாடப்புத்தகத்துல இடம் கிடைச்சிருக்கும். ஆனா அவர் மனசு ஒரு சின்ன சிப் மேல போயிடுச்சு.

1971இல் இன்டெல் 4004 என்ற மைக்ரோபிராசசரை வெளியிட்டது. டிராஃபிக் சிக்னல், தராசு மாதிரி கருவிகளுக்குள்ள வைக்கிற பொருளாகத்தான் பலரும் அதைப் பார்த்தார்கள். கில்டாலுக்கு அது முழுக் கம்ப்யூட்டராகத் தெரிந்தது. கல்லூரியின் பெரிய கம்ப்யூட்டரில் அந்தச் சிப்புக்கு ஒரு சிமுலேட்டர் எழுதிப் பார்த்தார். பிறகு இன்டெல்லுக்கே ஆலோசகராகி, பிஎல்/எம் என்ற புரோகிராமிங் மொழியை உருவாக்கிக் கொடுத்தார்.

அந்த நாட்களில் புரோகிராமைச் சேமித்து வைக்கக் காகித நாடாதான். ஓட்டை போட்டு எழுதணும், ஓட்டையைப் படிச்சு ஏத்தணும். ஃப்ளாப்பி டிஸ்க் புதுசாக வந்திருந்தது. ஷுகார்ட் நிறுவனத்திடமிருந்து ஒரு பழைய டிரைவ் கிடைத்தது. ஆனா அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சர்க்யூட் அவருக்குக் கைகூடவில்லை. நண்பர் ஜான் டோரோடு அதைக் கட்டிக்கொடுத்தார். 1974இல், 8080 சிப்பின் மேல், டிஸ்கிலிருந்து ஓடும் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் உயிர்பெற்றது. அதன் பெயர் சிபி/எம். (நீங்க நினைக்கிற கட்சி இல்லைங்க!)

இதை விற்க இன்டெல் ஆர்வம் காட்டவில்லை. கேரியும் அவர் மனைவி டோரதியும் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பசிஃபிக் குரோவ் என்ற சின்னக் கடலோர ஊர்தான் அவர்கள் இடம். நிர்வாகம் டோரதி, நிரல் கேரி.

கதவுகளின் பட்டியல்

இப்போ நம்ம பிரிண்டர் கதைக்கு வருவோம். சிபி/எம் பிரபலமாக ஆக, ஒவ்வொரு கம்ப்யூட்டர் கம்பெனியும் தன்னோட மெஷினுக்கு அதை மாத்திக் கேட்டது. ஒவ்வொன்றிலும் டிஸ்க் கன்ட்ரோலர் வேற, கீபோர்டு வேற, பிரிண்டர் வயர் போகும் போர்ட் வேற. ஒவ்வொரு தடவையும் சிஸ்டத்தின் நடுவுக்குள்ள கை விட்டு மாத்தணும். இம்சாய் நிறுவனம் தன் மெஷினுக்காக வந்து கேட்டபோது கில்டாலுக்கு அலுத்துப்போச்சு. நாமளா இருந்தா காப்பி பண்ணி, பேஸ்ட் பண்ணி, இன்னொரு வெர்ஷன் போட்டிருப்போம். அவர் உட்கார்ந்து சிஸ்டத்தை இரண்டாகப் பிரித்தார்.

ஃபைல்களைக் கவனிப்பது போன்ற, எந்த மெஷினிலும் ஒரே மாதிரி இருக்கும் வேலைகள் ஒரு பக்கம். அதன் பெயர் பிடாஸ். மெஷினுக்கு மெஷின் மாறும் வேலைகள் மறுபக்கம். அதுதான் பயாஸ். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜம்ப் டேபிள். அதை வரிசையா நம்பர் போட்ட கதவுகள் மாதிரி நினைச்சுக்கோங்க. ஒவ்வொரு கதவும் வெறும் 3 பைட். சிபி/எம் 2.2 பதிப்பில் மொத்தம் 17 கதவுகள். கீபோர்டிலிருந்து எழுத்தை வாங்க ஒன்று, திரையில் எழுத்தைப் போட ஒன்று, டிஸ்கில் படிக்க ஒன்று, எழுத ஒன்று. காகித நாடாவுக்குக் கூட இரண்டு கதவு உண்டு.

பிரிண்டருக்கான கதவின் பெயர் லிஸ்ட். புரோகிராம் லிஸ்டிங் அடிக்கத்தான் அப்போ பிரிண்டர் அதிகம் பயன்பட்டது, அதனால அந்தப் பெயர். கதவுக்குப் பின்னால் எந்த பிரிண்டர், எந்த போர்ட் என்று பிடாஸுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒரு எழுத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தா போதும். புதிய கம்ப்யூட்டர் தயாரிப்பவர் இந்த 17 கதவுகளுக்குப் பின்னால் இருக்கும் நிரலை மட்டும் எழுதினால் போதும், முழு சிபி/எம் அவருடைய மெஷினில் ஓடும். இப்படித்தான் அது சுமார் 3000 மாடல் கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் நான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு மாதிரி பயாஸின் சோர்ஸ் கோடை டிஜிட்டல் ரிசர்ச் தன் கையேட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தது. கம்பெனி எழுதித் தராவிட்டாலும், அசெம்பிளி தெரிந்த ஒருவர் தன் பிரிண்டருக்கான நிரலைத் தானே எழுதிக்கொள்ளலாம்.

அப்பவும் அப்கிரேடு வலி இல்லாம இல்லை. 1979இல் சிபி/எம் 2 வந்தபோது, பல அளவு டிஸ்குகளைத் தாங்குவதற்காக ஒப்பந்தம் மாறியது. புதிய கதவுகளும் சேர்ந்தன. பழைய பயாஸை அப்படியே வைத்து ஓட்ட முடியாது, திருத்தி எழுதணும். ஆனால் பிடாஸ் வழியாக ஒழுங்காகக் கேட்ட பழைய புரோகிராம்கள் அப்படியே ஓடின. மாத்தவே கூடாதுன்னு கில்டால் நினைக்கல. மாத்தினா எந்தப் பக்கம் மாறுது, யார் எதைத் திருத்தணும் என்பதைத் தெளிவாக வைத்திருந்தார்.

இந்த லிஸ்ட் கதவுக்கு ஒரு குறையும் இருந்தது. எழுத்தை அனுப்புமே தவிர, தடித்த எழுத்து, படம் இதெல்லாம் அதுக்குத் தெரியாது. அதனால வேர்ட்ஸ்டார் மாதிரி புரோகிராம்கள் ஒவ்வொன்றும் தனக்கென பிரிண்டர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு அலைந்தன. இதைச் சரிசெய்ய 1982இல் டிஜிட்டல் ரிசர்ச் ஜிஎஸ்எக்ஸ் என்ற கிராஃபிக்ஸ் பகுதியைக் கொண்டுவந்தது. அதே பழைய சூத்திரம்தான்: பொதுவான வேலை ஒரு பக்கம், திரைக்கும் பிளாட்டருக்கும் பிரிண்டருக்கும் தனித்தனி டிரைவர் மறுபக்கம்.

நம்பர் மிஞ்சியது, பெயர் போனது

1980இல் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் தேடியது. மைக்ரோசாஃப்ட்டே அவர்களை டிஜிட்டல் ரிசர்ச்சுக்கு அனுப்பிவைத்தது. ஐபிஎம் ஆட்கள் வந்த காலையில், கில்டால் தன் விமானத்தில் பறந்து ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தார் என்று ஒரு கதை இணையம் முழுக்க ஓடுது. நம்பாதீங்க. அவர் பறந்தது உண்மை, ஆனா போனது ஒரு வாடிக்கையாளரைப் பார்க்க, கம்பெனி வேலையாக. வழக்கமாக வியாபாரப் பேச்சைக் கவனிக்கும் டோரதிதான் ஐபிஎம்மைச் சந்தித்தார். அவர்கள் நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒருதலைப்பட்சமாக இருந்ததால் கையெழுத்துப் போடத் தயங்கினார். பேச்சு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் கைகூடவில்லை.

அதே சமயம் சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்ற பொறியாளர் 8086 போர்டு ஒன்றை வடிவமைத்திருந்தார். அதற்கான சிபி/எம் வரத் தாமதமானது. அவரே ஒரு சிஸ்டம் எழுதினார். சிபி/எம் புரோகிராம்களை எளிதாக மாற்றி ஓட்டணும் என்பதற்காக, கூப்பிடும் எண்களை சிபி/எம்மில் இருந்தபடியே வைத்தார். மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 1981 ஆகஸ்ட்டில் ஐபிஎம் பிசியோடு அது டாஸ் என்ற பெயரில் வெளிவந்தது.

நம்ம 8086 லேப்ல ஒரு வரி அடிச்சிருப்பீங்களே, ஏஎச்ல 09 போட்டு இன்ட் 21 கூப்பிடுற வரி. ஸ்ட்ரிங் முடிவில் ஏன் ஒரு டாலர் குறி வைக்கிறோம்னு எப்பவாவது யோசிச்சீங்களா? சிபி/எம்மின் 9ஆம் எண் செயல்பாடு ஸ்ட்ரிங்கை அடிக்கும், டாலர் குறி வந்தால் நிறுத்தும். அங்கிருந்து வந்த குறிதான் இது. 5ஆம் எண்ணும் அப்படியே. சிபி/எம்மில் பிடாஸை 5 என்று கூப்பிட்டால் எழுத்து பிரிண்டருக்குப் போகும். டாஸில் ஏஎச்ல 05 போட்டாலும் அதேதான். கதவு நம்பர் கூட மாறல. வீட்டுக்காரர் பெயர்ப்பலகைதான் மாறிடுச்சு.

கில்டால் இதைக் கண்டுபிடித்துக் கேட்டபோது, ஐபிஎம் அவருடைய சிபி/எம்-86ஐயும் விற்பதாக ஒத்துக்கொண்டது. கடைக்கு வந்தபோது டாஸ் விலை 40 டாலர், சிபி/எம்-86 விலை 240 டாலர். மக்கள் எதை வாங்கியிருப்பாங்கன்னு நான் சொல்லணுமா?

அவர் ஓய்ந்து உட்காரவில்லை. தொலைக்காட்சியில் கம்ப்யூட்டர் கிரானிகிள்ஸ் நிகழ்ச்சியின் இணைத் தொகுப்பாளராக வந்தார். 1985இல் ஒரு முழுக் கலைக்களஞ்சியத்தை சிடி-ராமில் கொண்டுவரும் வேலையில் அவருடைய இன்னொரு நிறுவனம் இறங்கியது. 1991இல் டிஜிட்டல் ரிசர்ச்சை நாவெல் வாங்கியது. ஆனாலும் போகும் இடமெல்லாம் அந்த விமானக் கதையைப் பற்றியே கேட்டார்கள். 1994 ஜூலையில் மான்ட்டரேயில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு, ஜூலை 11 அன்று இறந்தார். வயது 52. இருபது வருஷம் கழித்து, 2014இல், பசிஃபிக் குரோவில் அவர் வேலை பார்த்த கட்டடத்தின் முன் ஐஇஇஇ ஒரு நினைவுப் பலகை பதித்தது.

இன்னைக்கு என்ன நடக்குது?

கில்டால் போட்ட பிரிவு இன்றைய எல்லா சிஸ்டத்திலும் வேறு வேறு வடிவத்தில் இருக்கிறது. கதவுகள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன, பல சமயம் நல்ல காரணத்துக்காக. 2007இல் விண்டோஸ் விஸ்டா, கெர்னலுக்குள் ஓடும் பிரிண்டர் டிரைவர்களை நிறுத்தியது. ஒரு மோசமான டிரைவர் முழு சிஸ்டத்தையும் சாய்த்துவிடும் என்பதால். 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவரே வேணும். 2019இல் மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருள்களை மொத்தமாக விட்டுவிட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் நல்லா ஓடிக்கிட்டிருந்த பிரிண்டர்கள் கொஞ்சம் மூலையில் ஒதுங்கின.

மாற்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. குறை வேறு இடத்தில். பழைய மாடலுக்கான டிரைவரின் சோர்ஸ் கோடு தயாரிப்பாளரிடம் மட்டும் இருக்கிறது. அந்த மாடலுக்குப் புதிய டிரைவர் எழுதுவதால் அவருக்கு வருமானம் இல்லை. புதிய பிரிண்டர் விற்றால்தான் உண்டு. கில்டாலின் கையேட்டில் மாதிரி நிரல் இருந்தது. நம்ம பிரிண்டர் பெட்டியில் ஒரு சிடி மட்டும் இருந்தது. விண்டோஸில் கைவிடப்பட்ட சில பிரிண்டர்கள் லினக்ஸில் இன்னும் ஓடுவதற்குக் காரணமும் இதுதான். அங்கே டிரைவர் கோடு திறந்திருக்கு, கதவு மாறினா யாரோ ஒருத்தர் திருத்திடலாம்.

அதனால அடுத்த தடவை பிரிண்டர் வாங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை பக்கம்னு மட்டும் பார்க்காதீங்க. ஐபிபி எவ்ரிவேர், ஏர்பிரிண்ட், மோப்ரியா இதுல ஏதாவது ஒன்று, இல்லைன்னா போஸ்ட்ஸ்கிரிப்ட் இருக்கான்னு பாருங்க. இவை ஒரு மாடலோடு முடிந்துபோகிறவை அல்ல, பல கம்பெனிகள் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஒப்பந்தங்கள். மைக்ரோசாஃப்ட்டும் 2023இல், தயாரிப்பாளர்களின் தனி டிரைவர்களைப் படிப்படியாகக் குறைத்து, இந்தப் பொது வழிக்கே போவதாக அறிவித்துவிட்டது.

ஃபைனல் இயர் புராஜெக்ட்ல ரெண்டு மாட்யூலை இணைக்கிறவங்க கில்டாலிடமிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கலாம். கதவுகளின் பட்டியலை ஒரு பக்கத்தில் எழுதி, ரிப்போர்ட்டோடு சேர்த்து வையுங்க. அடுத்த வருஷம் அந்த புராஜெக்ட்டை எடுக்கிற ஜூனியருக்கு அந்த ஒரு பக்கம் போதும். அதில் உங்க பெயரையும் மறக்காம எழுதுங்க.