கதையைச் சொல்பவர் யார்? – அயோத்திதாசப் பண்டிதர்

ஒரு கதையில் என்ன நிகழ்கிறது என்று கேட்பது நம் வழக்கம். அதனைச் சொல்பவர் யார், எங்கு நின்று சொல்கிறார் என்று கேட்போர் சிலரே. அச்சிலருள் ஒருவர் அயோத்திதாசப் பண்டிதர்.

அவர் 1845ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தம் பெயராக ஏற்றார். தமிழிலும் சித்த மருத்துவத்திலும் புலமை பெற்றார். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அது பின்னர்த் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது.

கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் அச்சங்கத்தின் கிளை ஒன்று இயங்கியது. நிலத்தின் அடியில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த அவ்வூரிலும் இதழுக்கு வாசகர் இருந்தனர்.

பழங்கதைகளைப் பண்டிதர் மீண்டும் ஆராய்ந்தார். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் நந்தனார், தில்லையைக் காண ஏங்கிய ஏழை அடியார். அவர் கண்ட கனவையும் நமக்கு உரைக்கும் சேக்கிழார், எல்லாம் அறிந்த கதைசொல்லி. பண்டிதரின் ‘இந்திரர் தேச சரித்திர’த்திலோ நந்தன் ஒரு பௌத்த மன்னன். இரண்டும் படர்க்கைக் கூற்றே. ஆயினும் சொல்வோர் நின்ற இடம் வேறு. ஆதலால் ஒருவர் கதையில் அடியாராக இருப்பவர், மற்றொருவர் கதையில் அரசராகிறார். கூற்றின் வகை ஒன்றாயினும் நோக்குநிலை வேறாகலாம் என்பதை இதனால் அறிகிறோம்.

திருக்குறள் ஓலைச்சுவடியைத் தம் பாட்டனார் கந்தப்பன் எல்லிஸ் துரையிடம் சேரச் செய்தார் என்ற செய்தியைப் பண்டிதர் தம் குடும்ப நினைவாக எழுதினார். இது தன்மைக் கூற்று. இத்தகைய கூற்றில் நெருக்கம் மிகும். ஆனால், சொல்பவர் அறிந்த அளவே நமக்குக் கிட்டும்.

1914இல் பண்டிதர் மறைந்தார். சில காலத்தில் இதழும் நின்றது. 1926இல் ஜி. அப்பாதுரையார் கோலார் தங்கவயலிலிருந்து அதனை மீண்டும் வெளியிட்டார். பிறர் சொல்லக் கேட்டிருந்த மக்கள், தம் கதையைத் தாமே சொல்ல ஓர் இதழைக் காத்துக்கொண்டனர். பண்டிதரின் வாழ்வு நமக்கு விட்டுச்சென்ற பாடமும் அதுவே.

பயிற்சி

1. இப்பாடம் எவ்வகைக் கூற்றில் அமைந்துள்ளது? காரணம் தருக.
2. நந்தன் கதையின் இரு வடிவங்களிலும் கூற்று, நோக்குநிலை ஆகியவற்றை ஒப்பிடுக.
3. மாரிகுப்பத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் வேலை முடிந்து வந்து ‘தமிழன்’ இதழைப் படிப்பதாகக் கொண்டு, தன்மைக் கூற்றில் பத்து வரிகள் எழுதுக.