பித்தளை வில்லை

1909ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த பியாட்ரிஸ் ஷில்லிங், 14 வயதிலேயே மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டப் பழகியவர். மான்செஸ்டரில் பொறியியல் பயின்று, 1936இல் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார்.

1940இல் பிரிட்டிஷ் விமானிகளை ஒரு கோளாறு வாட்டியது. பகைவரைத் துரத்தும்போது விமானத்தின் மூக்கைத் திடீரெனத் தாழ்த்தினால், ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இயந்திரம் திணறியது. கார்புரேட்டரில் இருந்த எரிபொருள் மேல்நோக்கி எழுந்துவிடும். முதலில் இயந்திரத்துக்கு எரிபொருள் கிடைக்காது. அடுத்த நொடியே அளவுக்கு மீறிப் பாயும். ஜெர்மானிய இயந்திரங்களில் எரிபொருள் நேரடியாகப் பீய்ச்சப்பட்டதால், அவற்றுக்கு இத்தொல்லை இல்லை. வானில் அந்தச் சில நொடிகள் போதும், உயிர் போக.

போர்க்காலத்தில் கார்புரேட்டரையே மாற்ற ஏது நேரம்? ஷில்லிங், நடுவில் துளையிட்ட சிறு பித்தளை வில்லை ஒன்றை எரிபொருள் வரும் வழியில் பொருத்தினார். இயந்திரம் முழு ஆற்றலுடன் இயங்கத் தேவையான அளவை மட்டுமே அத்துளை விட்டது. இது முழுத் தீர்வன்று. தலைகீழாக நெடுநேரம் பறக்க இயலாது. ஆயினும், விமானத்தைப் பணியிலிருந்து நிறுத்தாமலே இதைப் பொருத்த முடிந்தது. 1941இல் ஷில்லிங்கே சிறு குழுவுடன் விமானத் தளங்கள்தோறும் சென்று பொருத்தினார். அவர் சென்றது மோட்டார் சைக்கிளில்தான்! 1943இல் புதுவகைக் கார்புரேட்டர் வரும்வரை அவ்வில்லையே விமானிகளுக்குக் கைகொடுத்தது.