சொந்தப் பெயரில் ஒலித்த குரல்: அப்பாஸுத்தீன் அஹ்மத்

நோன்புப் பெருநாள் பிறை தெரிந்த இரவில் வங்காளதேசம் எங்கும் ஒரு பாடல் ஒலிக்கும். வானொலி, தொலைக்காட்சி, தெருமுனை ஒலிபெருக்கி என அது கேட்காத இடமில்லை. அதை முதன்முதலில் இசைத்தட்டில் பாடியவர் அப்பாஸுத்தீன் அஹ்மத் அவர்கள். எனினும் அன்னாரின் பெரும்பணி வேறு. வயலிலும் ஆற்றிலும் பிறந்த நாட்டுப்பாடல்களைப் பட்டணத்துச் சபையில் அமரவைத்ததே அப்பணி.

வடக்கு வங்காளத்தை ஒட்டிய கூச் பெஹார் சமஸ்தானத்தில், பலராம்பூர் என்னும் கிராமத்தில் 1901 அக்டோபர் 27ஆம் நாள் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். மகனுக்கோ பாட்டின்மீதே நாட்டம். இளமையில் அவருக்கு முறையான ஆசான் இல்லை. ஊர் மக்கள் பாடக் கேட்டே பாடக் கற்றார்.

அந்த மண்ணின் பாட்டுக்குப் பாவாயியா என்று பெயர். மாட்டு வண்டிக்காரரும், எருமை மேய்ப்போரும், யானைப் பாகரும், அவர்களைப் பிரிந்து வீட்டில் காத்திருக்கும் பெண்களும் அப்பாடல்களில் வருவார்கள். தோத்தாரா என்னும் தந்தி வாத்தியம் துணைக்கு ஒலிக்கும். நீளும் குரல் இடையிடையே உடைந்து எழும். மேடு பள்ளமான பாதையில் வண்டி குலுங்கியதால் வந்த உடைவு அது என்பார்கள்.

கல்கத்தா சென்ற அப்பாஸுத்தீன் அரசு அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே பாடினார். உஸ்தாத் ஜமீருத்தீன் கானிடம் சிறிது காலம் இசை பயின்றார். அக்காலத்தில் முஸ்லிம் பாடகர் சிலர் தம் பெயரை மறைத்தே இசைத்தட்டில் பாடினர். முகம்மது காசிம் என்பவரைக் கே. மல்லிக் என்றுதான் ஊர் அறிந்திருந்தது. அப்பாஸுத்தீன் தம் சொந்தப் பெயரிலேயே பாடினார்.

இஸ்லாமியப் பாடல்களை வங்காள மொழியில் எழுதித் தருமாறு கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாமிடம் கேட்டவரும் அவரே. விற்குமா என்று இசைத்தட்டு நிறுவனத்தார் தயங்கினர். மாதக்கணக்கில் விடாமல் கேட்டு இசைவு பெற்றார். 1932ஆம் ஆண்டுப் பெருநாளை ஒட்டி வெளிவந்த அந்தத் தட்டு பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன்பின் ஹம்துகளும் நாத்துகளும் வங்காள முஸ்லிம்களின் வீடுகளில் ஒலிக்கலாயின.

நாட்டுப்பாடல் விஷயத்திலும் அதே உறுதிதான். பாவாயியா மெட்டில் மனம் பறிகொடுத்த நஸ்ருல், அதற்குத் தாமே புதிய வரிகள் எழுதினார். அதையும் பாடிய அப்பாஸுத்தீன் அத்துடன் நிற்கவில்லை. தம் கிராமத்துப் பேச்சு மாறாமல் மூலப் பாடல்களையே இசைத்தட்டில் ஏற்றினார். வலையில் சிக்கிய கொக்கையும், அதற்காக அழும் துணையையும் பற்றிய பாட்டு ஊரெங்கும் பரவியது. கவிஞர் ஜசீமுத்தீனோடு சேர்ந்து கிழக்கு வங்காளத்தின் படகோட்டிப் பாடல்களையும் முர்ஷிதிப் பாடல்களையும் பரப்பினார். கனாய்லால் ஷீலின் தோத்தாரா அவருக்குத் துணைநின்றது.

1947 பிரிவினைக்குப் பின் டாக்கா சென்று, அரசின் தகவல் துறையில் பாடல் பணியைத் தொடர்ந்தார். 1955இல் மணிலாவிலும் 1956இல் ஜெர்மனியிலும் நடந்த இசை மாநாடுகளில் கலந்துகொண்டார். 1959 டிசம்பர் 30ஆம் நாள், 58ஆம் வயதில் இறையடி சேர்ந்தார். அவருடைய தன்வரலாறு மறு ஆண்டு நூலாக வந்தது. 1981இல் வங்காளதேசம் தன் சுதந்திர விருதை அவருக்கு வழங்கியது. மகள் பிர்தௌசி ரஹ்மானும் மகன் முஸ்தபா ஜமான் அப்பாசியும் அவர் வழியில் பாடகர்களாகப் புகழ்பெற்றனர்.

நம் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை அங்கூலியா பள்ளிவாசலில் நம்மோடு தோள் சேர்த்துத் தொழும் வங்காளதேசச் சகோதரர்கள் பலர். அடுத்த பெருநாளில் அவர்களிடம் அப்பாஸுத்தீன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். நம் வீட்டு மூத்தவர்கள் அறிந்த தாலாட்டும் பாட்டும் இருந்தால், அவர்கள் சொல்லும் சொல்லிலேயே பதிந்து வையுங்கள். திருத்த வேண்டாம். அந்தப் பெரியார் காட்டிச் சென்ற வழி அது.